மேய்ந்த படகு

நைலான் கயிறு இரும்பு வளையத்தில் உரசும்போது ஒரு சத்தம் வரும். பல் கூசும். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு விடாமல் முனகுகிற மாதிரி இருக்கும். ராசா என்கிற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடியில், காற்றடிக்கிற மத்தியானங்களில் அது கேட்கும். ஈரப் போர்வையின் கனத்தில் கயிறு இழுபடும், வளையம் முனகும், நான் எழுதிக்கொண்டிருக்கும் வரியைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு முன்னால் நிற்கும் விளக்குக் கம்பமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

இருக்கும். வீடுகள் பொதுவாக நகர்வதில்லை.

"என்னங்க, வீடு அங்கேயே இருக்கா?" என்று அடுப்படியிலிருந்து தேவி கேட்பாள். என் மனைவி. அவளுக்கு இந்த ஓட்டம் பழகிவிட்டது.

கவிதை எழுதுகிறவனிடம் எதையும் காவலுக்கு விடக்கூடாது. அடுப்பில் பாலை விடக்கூடாது, பஸ் நிலையத்தில் பையை விடக்கூடாது, தூங்குகிற குழந்தையை விடவே கூடாது. அவன் கண் திறந்துதான் இருக்கும். பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஆனால் பார்க்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பான். என் மச்சான்மார்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் என்னைக் கடல் நடுவே ஒரு படகில் உட்கார வைத்து, "ஜாகா பாருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். (ஜாகா என்றால் காவல். எங்கள் ஊரில் வங்கி வாசலில் நிற்கிறவரும் ஜாகாதான், தோட்டத்தில் செம்பனைக் குலை திருடு போகாமல் பார்க்கிறவரும் ஜாகாதான். அவர்களெல்லாம் என்னை மன்னிக்க வேண்டும்.)

முதலில் மாமனாரைச் சொல்ல வேண்டும்.

என் மாமனார் லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு வேலை வாங்க ஆள் இல்லாததால் மாடுகளை வாங்கினார். அதில் ஒரு வெள்ளைப் பசுவுக்குப் பவுனு என்று பெயர். பிள்ளைகளைவிட மாட்டை நன்றாக வளர்த்தார் என்று தோட்டத்தில் பேச்சு. பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு, தேவியைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் சுற்றித் திரிந்த ஒரு மாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே சாய்ந்த வெயிலில் பவுனு நிற்பதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் வெளிச்சம். நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வசன கவிதை எழுதி ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்களும் போட்டுவிட்டார்கள். அதில், 'எலும்புகளின் மேல் நிலவைப் போர்த்தியது போல் நின்றாய்' என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே மயங்கிய வரி.

தோட்டத்துக் கடையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். "மண்டோரே, ஒங்க மாட்டு எலும்பெல்லாம் பேப்பருல வந்துருச்சு!"

அன்றோடு முடிந்தது. கல்யாணம் நடந்தது, தேவியின் பிடிவாதத்துக்கு முன்னால் மண்டோர் என்ன, மேனேஜரே நிற்க முடியாது. ஆனால் மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலி கட்டும் நேரத்தில்கூட ஐயரைப் பார்த்து, "நேரமாவுது, கட்டச் சொல்லுங்க" என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. நான் அவர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் என் மாமியாரிடம், "அந்த ஆளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார். மாமியார் என் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் வேண்டும் என்பேன். மாமியார் அவர் பக்கம் திரும்பி, "வேணுமாம்" என்பார். மாமியார் தூதராக, இரண்டு பகை நாடுகளைப் போல மோர் குடித்தோம்.

எங்கள் ராசா வீட்டு வாசலை அவர் மிதிக்கவும் இல்லை. அது எனக்கு வலித்ததைவிட தேவிக்கு அதிகமாக வலித்தது. அவள் வயிற்றில் பிள்ளை வேறு வந்துவிட்டது. பொங்கல் முடிந்த அந்த வாரம், காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னிக்கு அப்பாவும் போட்டுல வர்றாரு. ஒரு வார்த்தையாச்சும் அவர்கிட்டேர்ந்து வாங்கிடுங்க. புள்ள பொறக்கறப்ப அவரு நம்ம வீட்டுல இருக்கணும்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. சும்மா இருங்க. அது ஒங்களுக்கு நல்லா வரும்."

போட்டு என்று அவள் சொன்னது, பெரிய மச்சான் சேகரன் வாங்கியிருந்த பழைய ஃபைபர் படகை. அவர் லாரி மெக்கானிக். எஞ்சின் வைத்த எதைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். புது வண்டிக்குப் பூசை போடுகிற மாதிரி படகுக்கும் போட வேண்டும் என்று, டிரெய்லரில் ஏற்றிய படகை நேராகக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்தார். பூசாரி கற்பூரம் காட்டினார், சந்தனம் வைத்தார், மாலை போட்டார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க வேண்டிய கட்டம் வந்தபோது சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். படகுக்கு ஏது சக்கரம்? கடைசியில் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கீழே வைத்து நசுக்கினோம். ஆக, அம்மன் காப்பாற்ற ஒப்புக்கொண்டது டிரெய்லரை மட்டும்தான். அதற்கு இன்றுவரை ஒரு கீறலும் இல்லை.

போர்ட்டிக்சன் கடற்கரையில் தேவியையும் மாமியாரையும் மரநிழலில் பாய் விரித்து உட்கார வைத்தோம். மாமியார் அம்மியில் அரைத்த மசாலாவை டப்பாவில் கொண்டுவந்திருந்தார். பிடித்துவரும் மீனுக்குப் பிடிப்பதற்கு முன்பே குழம்பு தயார். நாங்கள் நான்கு பேர் படகில் ஏறினோம்: சேகரன் மச்சான், நீலாயில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சின்ன மச்சான் மணி, மாமனார், நான். நான் வெள்ளை ஜிப்பாவும் தோல் செருப்பும் போட்டிருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். கடலைப் பார்க்கப் போகிறேன், கடலும் என்னைப் பார்க்கும் என்று நினைத்திருக்கலாம்.) மாமனார் தலையில் துண்டு கட்டி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டச் சொன்னபோது மறுத்து, அதைத் தலையணையாக்கிப் படுத்துவிட்டார். முன்னே பின்னே கடலில் போனவர் இல்லை. ஆனால் பயந்ததாகக் காட்டிக்கொள்வதைவிடத் தூங்குவது மேல் என்று முடிவு செய்திருந்தார்.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடல் வற்றுகிற நேரத்தில் மட்டும் தலைகாட்டும் ஒரு பாறைத் திட்டு. அதில் சிப்பியும் நண்டும் வாளி வாளியாகக் கிடைக்கும் என்று மணிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சேகரன் மச்சான் எஞ்சினை அணைத்து நங்கூரத்தைப் போட்டார். கயிற்றை நீளமாக, மிக நீளமாக விட்டார். படகில் மிச்சம் கிடந்த கயிற்றைச் சுருட்டி, அதன் கடைசி முனை முன்பக்க வளையத்தில் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"மச்சான், அந்த ஓட்டல் மேல தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்கு முன்னால ஒத்தத் தென்னமரம்?"

"தெரியுது."

"ரெண்டும் ஒன்னு பின்னால ஒன்னு நிக்கணும். போட்டு கொஞ்சம் அப்படி இப்படி ஆடும், அது பரவால்ல. ஒரேடியா வெலகிப் போச்சுன்னா நங்கூரம் புடி விட்டுருச்சுன்னு அர்த்தம். சத்தம் போடுங்க, ஒடனே வந்துருவோம்."

"கயித்த ஏதாச்சும் செய்யணுமா?"

"கயித்தத் தொடவே தொடாதீங்க. அது நீளமாத்தான் கெடக்கணும் லா."

மூன்று பேருடைய கைபேசிகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி என் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு சேகரன் மச்சான் எஞ்சினில் சொருகியிருந்த சிவப்புச் சுருள் கயிற்றைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது.

"இத ஏன் எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

"நீங்க தெரியாம கைகிய வச்சிட்டீங்கன்னா?" என்றார் அன்பாக.

நெஞ்சளவு தண்ணீரில், வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்து போனார்கள். பாறையில் ஏறி, குனிந்து, முதுகைக் காட்டியபடி வேலையில் மூழ்கிவிட்டார்கள்.

நான் ஜாகா பார்க்கத் தொடங்கினேன். தென்னைமரம், தொட்டி. தொட்டி, தென்னைமரம். அப்படி ஒரு உன்னிப்போடு நான் எதையும் பார்த்ததில்லை. என் பொறுப்பில் ஒரு படகு, ஒரு மாமனார், ஒரு கடல். கப்பல்கள் தூரத்தில் சும்மா நிற்பதைப் பார்த்து, அவற்றின் மாலுமிகளுக்கு ஒரு சக மாலுமியின் வணக்கத்தை மனதுக்குள் செலுத்தினேன்.

அப்போதுதான் படகு திரும்பியது. நீளக் கயிற்றில் மெல்ல ஒரு பக்கமாகப் போய், நின்று, யோசித்து, மறுபக்கமாக வந்தது. தென்னைமரம் தொட்டியை விட்டு விலகியது. நான் எழுந்து நின்றேன். படகு ஆடியது. மாமனாரின் தேநீர் ஃபிளாஸ்க் உருண்டுபோய் அவர் முழங்காலில் இடித்தது. தென்னைமரம் திரும்பிவந்தது. உட்கார்ந்தேன். மறுபடியும் விலகியது. எழுந்தேன், ஃபிளாஸ்க் உருண்டது. அந்தப் பக்கம் யாரோ விரித்திருந்த வலையின் மிதவைகள் வரிசையாக இருந்தன. எங்கள் படகு அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு வருகிற மாதிரி அதுவரை போய்ப் போய் வந்தது. நான் எழுவதும் உட்காருவதும், ஃபிளாஸ்க் போவதும் வருவதுமாக இருந்தது.

மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார், வலை மிதவைகளைப் பார்த்தார்.

"மேயுது" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். மாமியார் இல்லை. தேவி இல்லை. கடலில் வேறு ஆள் இல்லை. அப்படியென்றால் அந்த வார்த்தை எனக்குத்தான்!

"என்ன மாமா?"

"மேயுதுன்றேன். கயிறு நீளமா இருந்தா எது ஒரு எடத்துல நிக்கும்? அடுத்தவன் கொல்லையில வாய வச்சிட்டு வருது. கிட்டக்கக் கட்டு."

இரண்டாவது வாக்கியம்! மூன்றாவது! காய்ந்து வெடித்த நிலத்தில் மழை விழுந்தால் ஒரு மணம் வருமே, அந்த மணமே எனக்கு வந்தது. (படகில் அப்போது பெட்ரோல் மணம்தான் இருந்தது. ஆனாலும் வந்தது.) இருந்தாலும் கடமை ஒன்று இருக்கிறதே.

"மாமா, கயித்தத் தொடக்கூடாதுன்னு மச்சான் சொல்லிட்டுப் போனாரு…"

"அவனுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?"

சேகரன் மச்சானுக்கு மாட்டைப் பற்றி எதுவும் தெரியாது, அது உண்மை. நாங்கள் உட்கார்ந்திருந்தது மாட்டின் மேல் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷம் பேசாத மாமனார் பேசும்போது யாருக்குத்தான் தோன்றும்?

ஜிப்பா கையை மடித்துவிட்டு முன்பக்கம் போய்க் கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. நங்கூரத்துக்கு நேர் மேலே படகு வந்து நிற்கும்வரை இழுத்தேன். பிறகு வளையத்தில் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு காலில் போடும் சப்பாத்துக் கயிற்று முடிச்சு ஒன்றுதான். இரண்டு காதுகள் வைத்து அழகாகக் கட்டினேன். அது உடனே அவிழ்ந்தது.

"தள்ளு" என்று மாமனார் தவழ்ந்து வந்தார். ஒரு சுற்று, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. மாட்டு முடிச்சு. இழுத்தால் இறுகும், இடது கையால் ஒரு முனையை நெம்பினால் கழன்றுவிடும். கட்டிவிட்டு, படகின் ஓரத்தைத் தட்டிக் கொடுத்தார். நிஜமாகவே தட்டிக் கொடுத்தார்.

படகு நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மாமனார் ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி, கொஞ்சம் யோசித்து, என் பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு நான் தென்னைமரத்தைப் பார்க்கவில்லை. மாமனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசியது. தோட்டத்தில் இப்போது புல் கிடைக்காததைப் பற்றி, மருந்தடித்த இடத்தில் மாட்டை விட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசியது. நான் "அப்படியா மாமா", "அடடா மாமா" என்று இரண்டே வார்த்தைகளைக் கொண்டு ஒரு நீண்ட உரையாடலை நடத்தினேன். ஜிப்பாப் பையில் என் கைபேசி அடித்தது. தேவி.

"அப்பா பேசினாரா?" ரகசியக் குரல்.

"பேசினாரு! பேசிக்கிட்டே இருக்காரு!"

"ஐயோ நெஜமாவா! மொதல்ல என்ன சொன்னாரு?"

"'மேயுது'ன்னாரு."

"சரி, ஏதோ ஒன்னு" என்று வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மாடு கட்டிய தரை ஏறாது, இறங்காது. கடல் ஏறும். அது எங்கள் இருவருக்கும் தெரியாது. அளவாகக் கட்டிய கயிறு விறைத்தது, செங்குத்தாக நின்றது, வளையத்தில் உரசி முனகத் தொடங்கியது. பல் கூசுகிற அந்த முனகல். கடல் பாடுகிறது என்று நினைத்தேன். மனதுக்குள் ஒரு வரிகூட வந்தது. பிறகு முனகல் நின்றது. கடல் பாடி முடித்துவிட்டது என்று நினைத்தேன்.

நங்கூரம் தரையை விட்டுவிட்டது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மருந்தடித்த புல்லைத் தின்ற ஒரு மாட்டின் கதையை மாமனார் முடித்தபோது, நான் உணர்ச்சியோடு தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தேன். தென்னைமரம் இல்லை. தொட்டி இல்லை. ஓட்டலே இல்லை. வேறு ஏதோ ஓட்டல், வேறு ஏதோ நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

"மாமா! கரை போவுது!"

"கரை எங்கடா போவும்?"

இருவரும் ஒரே நேரத்தில் பாறைத் திட்டின் பக்கம் திரும்பினோம். அது தூரத்தில், உள்ளங்கை அளவுக்கு இருந்தது. பாறை என்று எதுவும் மிச்சமில்லை. தண்ணீருக்குள் இடுப்பு வரை இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தலையில் வாளி. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அவர்கள் கத்தியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. கரைக்கும் அவர்களுக்கும் நடுவே ஆழமான தண்ணீர். மணிக்கு நீச்சல் தெரியாது. நான் ஓடிப்போய் எஞ்சின் கயிற்றை இழுத்தேன். அது இருமியது, சிவப்புச் சுருள் அங்கே, சேகரன் மச்சானின் கழுத்தில். அவர்களுடைய கைபேசிகள் இங்கே, என் காலடியில்.

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"ஜாகா பாக்க ஒக்கார வச்சா என் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருந்த? ஆளப் பாரு! ஜிப்பாவப் பாரு! எலும்பாம்ல எலும்பு! அது கன்னு போட்ட மாடுடா! புள்ள பெத்தவ எவ கொழுத்துப் போயி நிப்பா? ஊரே என் மாட்டப் பட்டினி போட்டேன்னு பேசுச்சு!"

அந்தச் சமயத்தில், அந்த இடத்தில், இது. எனக்கும் எங்கிருந்து வந்ததோ, கத்தினேன்.

"நான் அழகுன்னுதான் மாமா எழுதினேன்!"

"எலும்பு அழகா?"

"நிலான்னு எழுதியிருக்கேன்!"

"நிலாவுக்கு ஏதுடா எலும்பு?"

(என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களில் இதற்கு மட்டும் என்னால் இன்னும் பதில் எழுத முடியவில்லை.)

"கயித்தப் புடி!" என்றார். "இன்னும் கிட்டக்கக் கட்டணும். லூசா கட்டிட்டோம்."

ஆமாம். படகு அடித்துக்கொண்டு போகிறது. நங்கூரம் தண்ணீருக்குள் அந்தரத்தில் தொங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் கயிற்றை இன்னும் குட்டையாக்க முடிவு செய்தோம். மாமனார் இடது கையால் முடிச்சை நெம்பினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதாவது, பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவன் நான்.

முடிச்சு கழன்றதும் நங்கூரத்தின் கனம் மொத்தமும் என் கைக்கு வந்தது. ஈரக் கை. கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு பாய்ந்தது. "புடிடா!" என்றார். "புடிக்கிறேன்!" என்று சொல்லிக்கொண்டே விட்டேன். சுருட்டி வைத்திருந்த கயிறு பாம்பு மாதிரி எழுந்து எழுந்து கடலுக்குள் ஓடியது. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நான் கண்ணை மூடினேன்.

கடைசி முனையைச் சேகரன் மச்சான் வளையத்தில் கட்டியிருந்தார் அல்லவா? கயிறு அங்கே வந்து நின்றது. படகு ஒரு குதி குதித்துத் தலையைத் திருப்பியது. நான் மாமனாரின் மடியில் போய் விழுந்தேன்.

பிறகு எதுவும் நகரவில்லை. புது ஓட்டல் அங்கேயே நின்றது. வளையம் மெல்ல முனகியது.

"நின்னுடுச்சா?" என்றார் மாமனார்.

"நின்னுடுச்சு போல இருக்கு."

"எப்படி?"

"தெரியல மாமா."

(பிறகு சேகரன் மச்சான் விளக்கினார். கயிறு நீளமாகத் தரையோடு கிடந்தால் நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அது மண்ணைக் கடிக்கும். குட்டையாக இருந்தால் மேலே இழுக்கும், அது வாயைத் திறந்துவிடும். நாங்கள் அறிந்து செய்தது படகைக் கொண்டுபோனது; அறியாமல் செய்தது நிறுத்தியது.)

அவர் மடியிலிருந்து எழாமலேயே தேவிக்குப் போன் போட்டேன்.

"தேவி, பதறாத."

"அப்பா திட்டிட்டாரா?"

"நல்லா திட்டினாரு. அத விடு, அண்ணனுங்க…"

"திட்டினாரா! அப்பன்னா சரியாயிட்டாரு. வேத்து ஆளுங்கள அப்பா திட்டவே மாட்டாரு."

"தேவி! அண்ணனுங்க தண்ணியில நிக்கிறாங்க. பாறை முழுகிருச்சு. யாராச்சும் போட்டு வச்சிருக்கவங்கள அனுப்பு!"

அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் ஓடியதாக மாமியார் இன்றைக்கும் சொல்வார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் மரப்படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். தூரத்திலிருந்து நாங்கள் பார்த்தோம்: அந்தச் சின்னப் படகு நெருங்குகிறது, ஒரு ஆள் ஏறுகிறார், வாளி ஏறுகிறது, இன்னொரு ஆள் ஏறுகிறார். மாமனார் என் தோளைப் பிடித்திருந்த கை அப்போதுதான் தளர்ந்தது. அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

மரப்படகு எங்களிடம் வந்தபோது மணியின் மார்பு வரை ஈரம். தண்ணீர் அங்கே வரை ஏறியும் வாளியை விடவில்லை, சிப்பி நிறைய இருந்தது. சேகரன் மச்சான் கழுத்தில் சிவப்புச் சுருளோடு தாவி ஏறி, கயிற்றை இழுத்து நங்கூரத்தை மேலே எடுத்தார். கயிற்றில் முடிச்சு இறுகிய இடம் நசுங்கி, வெளுத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார்.

"யாரு கயித்தத் தொட்டது?"

நான் வாயைத் திறந்தேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"நாந்தான். அந்த ஆளு…" என்று தொடங்கி, நிறுத்தி, தொண்டையைச் செருமினார். "மாப்ள வேணாம்னுதான் சொன்னாரு."

கடல் அப்படியே அசையாமல் நின்றதாக எனக்கு ஞாபகம்.

"அப்பா, இது மாடு இல்லப்பா."

"மாடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்."

மணி நடந்ததை மலாயில் சொன்னதும் அந்தப் பெரியவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கரை வந்து சேரும்வரை சிரித்தார். இப்போதும் அந்தக் கடற்கரைக்குப் போனால், "லெம்பு வரவில்லையா?" என்று விசாரிப்பார். லெம்பு என்றால் மலாயில் மாடு. அவர் கேட்பது மாட்டையா, என்னையா என்று எனக்குத் தெரியாது.

மீன் மசாலாவில் சிப்பியைப் போட்டு மாமியார் குழம்பு வைத்தார். அப்படிப் பசித்து நான் சாப்பிட்டதில்லை. எல்லோரும் உயிரோடு, ஒரே பாயில், ஒரே சட்டியைச் சுற்றி. மாமனார் சட்டியைத் தன் கையாலேயே என் பக்கம் நகர்த்தினார். மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். பாவம், அன்றோடு அவருடைய தூதர் வேலை போயிற்று.

எங்கள் மகள் பிறந்தபோது அவர் ராசா வீட்டில்தான் இருந்தார். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தோழிகளோடு சுற்றிவிட்டுத் தாமதமாக வருகிற நாட்களில் நான் வாசலில் நின்று, "எங்க போச்சு இது?" என்று முறைப்பேன். "மேயுது. கிட்டக்கக் கட்டுங்க" என்பாள் தேவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மாமனார் வந்திருந்தால் அவர் நாற்காலியை விட்டு எழாமல் எனக்குத்தான் பதில் சொல்வார்: "நீளமா வுடுங்க. கட்டி வச்சி என்னா ஆச்சுன்னு பாத்தோம்ல."

படகு மேய்ந்த அன்று சாயங்காலம் அவரை லாபுவில் இறக்கிவிட்டோம். காரில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். அவர் வீட்டுக்குள் போகவில்லை. உப்பு காய்ந்த வேட்டியோடு நேராகக் கொட்டகைக்குப் போனார். செம்பனை இலைகளுக்குப் பின்னால் அதே சாய்ந்த வெயில். பவுனு அதே இடத்தில் நின்றது. பொங்கலுக்கு அடித்த கொம்புச் சாயம் இன்னும் போகவில்லை. அவர் குனிந்து முளையில் இருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு சுற்று நீளமாக விட்டுக் கட்டினார். பிறகு திரும்பி வந்து, கார் கண்ணாடியை விரலால் தட்டினார். நான் இறக்கினேன். உள்ளே குனிந்து, முதலில் தேவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அதப் பத்தி மறுபடியும் எழுதுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. இப்ப நல்லா சத வச்சிருக்கு."